செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை: வாசகர் கேள்வி – பதில்

மழை ஆரம்பித்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் முகமே மாறிவிடும். மைலேஜ் ஏன் குறைகிறது, எந்த டயர் போடலாம் என்பதெல்லாம் பின்னால் போய், 'செல்ஃப் அடித்தால் இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கத்தான் மாட்டேன் என்கிறது' என்ற ஒரே புலம்பல்தான். அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். பட்டனை அமுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுவதும், செல்ஃப் மோட்டார் மட்டும் 'கிர்ர்' என்று தனியாக ஓடி இன்ஜின் அசையாமல் கிடப்பதும் வேறு நோய்கள். முதலாவது பேட்டரி அல்லது ரிலே, இரண்டாவது பெரும்பாலும் செல்ஃப் மோட்டாரை இன்ஜினோடு கோக்கும் ஒன்வே கிளட்ச். அவை இன்னொரு இதழில்.

கேள்வி: சார், என்னுடையது 2014 மாடல் 100 சிசி பைக், கார்புரேட்டர் வண்டி. ராத்திரி நன்றாக ஓட்டி வந்து நிறுத்தினேன். காலையில் செல்ஃபும் சுற்றுகிறது, கிக்கரும் மிதித்துப் பார்த்துவிட்டேன், ஒரு 'டப்' சத்தம்கூட இல்லை. பெட்ரோல் பாதி டேங்க் இருக்கிறது. தெரிந்த மெக்கானிக் போனிலேயே 'சிடிஐ போயிருக்கும், வாங்கி வைங்க, வர்றேன்' என்கிறார். வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வாங்காதீர்கள். சிடிஐ என்பது ஸ்பார்க் பிளக்கில் பொறி தட்ட வைக்கும் சின்ன எலெக்ட்ரானிக் பெட்டி. அது போகவே போகாது என்று சொல்லவில்லை, ஆனால் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள் அது. முதலில் அதன் பெயர் அடிபடுவதற்குக் காரணம், இரண்டு கப்ளரைப் பிடுங்கி மாற்றிவிடலாம், கையில் அழுக்கு படாது, அவ்வளவுதான். எலெக்ட்ரிக்கல் சாமானை ஒரு தடவை வண்டியில் மாட்டிவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதையும் மனதில் வையுங்கள்.

இன்ஜினை அணைக்க ஹேண்டில் பாரில் கில் சுவிட்ச் இருக்கிற வண்டியாக இருந்தால் அதை முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையன் வண்டியில் ஏறி விளையாடியிருப்பான். சில வண்டிகளில் அது ஆஃபில் இருந்தாலும் செல்ஃப் பாட்டுக்குச் சுற்றும், பிளக்குக்குக் கரண்ட் மட்டும் போகாது. பிறகு பெட்ரோல் டேப் மூடியிருக்கிறதா என்று பாருங்கள், ரிசர்வுக்கும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள், ஏனென்றால் டேங்கில் பெட்ரோல் இருந்தாலும் உள்ளே நிற்கும் குழாயின் வலை அடைத்திருந்தால் மெயினில் இறங்காது.

இதெல்லாம் சரி என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன்னால் அதைச் சுற்றியிருக்கும் மண்ணை ஊதியோ பிரஷ் போட்டோ எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த மண் நேராக சிலிண்டருக்குள் போகும். வெளியே எடுத்த பிளக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மரையெல்லாம் நனைந்து பெட்ரோல் வாசனை அடித்தால் பெட்ரோல் வந்துசேர்கிறது, எரியத்தான் வழியில்லை. செல்ஃப் அத்தனை நேரம் அடித்த பிறகும் மரையும் நுனியும் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தால் பெட்ரோலே வரவில்லை. நுனி முழுக்கக் கரி படிந்து, விரலால் தொட்டால் மை போல ஒட்டினால், குளிரில் ஸ்டார்ட் ஆகப் பெட்ரோலைக் கூட்டும் சோக் மாட்டிக்கொண்டிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். வெள்ளைப் பீங்கானில் தலைமுடி அளவு கீறல் ஒன்று தெரிகிறதா என்றும் பாருங்கள், அந்தக் கீறல் வழியாகவே கரண்ட் பாடிக்கு இறங்கிவிடும். பெரும்பாலான 100, 150 சிசி வண்டிகளுக்கு பிளக் இடைவெளி 0.7 முதல் 0.9 மி.மீ. வரை, சரியான அளவு உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

கரண்ட் வருகிறதா என்று பார்க்க, கழற்றிய பிளக்கையே கேப்பில் சொருகி இன்ஜின் மேல் வைத்து அடிக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிட்டு வருகிற நேரத்தில் அதன் பக்கத்திலேயே பொறி தட்டுவது தீ வைக்கிற வேலை. புது பிளக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், எப்படியும் பின்னால் உதவும். பழையதை மறுபடி அதன் இடத்தில் முடுக்கிவிட்டு, புதியதைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு இன்ஜினில் நன்றாகப் படும்படி வைத்து செல்ஃப் அடியுங்கள். 'டிக் டிக்' என்று நீலமாகத் தட்டினால் கரண்ட் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக, இழுத்துக்கொண்டு வந்தால் பலவீனம். கேப்பை வெறுமனே காற்றில் தொங்கவிட்டுக்கொண்டு செல்ஃப் அடிக்காதீர்கள், நல்ல சிடிஐ போவதே பல சமயம் அப்படித்தான்.

கரண்ட் வரவே இல்லையா? கேப்பை வயரிலிருந்து திருகி எடுத்து, வயர் நுனியைக் கால் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள், உள்ளே பச்சை பூத்திருக்கும். அப்படியும் வரவில்லை என்றால் இக்னிஷன் சுவிட்ச் வயரிங், பிளக்குக்கு வோல்டேஜை ஏற்றும் காயில், மேக்னட் பக்கத்தில் இருக்கும் பிக்கப் காயில் என்று வரிசையாகப் போய், இவை எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் சிடிஐ. அப்போதும் வாங்காதீர்கள். அதே மாடல் வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஐந்து நிமிடம் கடன் கேட்டு மாட்டிப் பாருங்கள்.

பிளக் காய்ந்திருந்தால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கீழே ஒரு கண்ணாடி பாட்டில் பிடியுங்கள். பெட்ரோல் தொடர்ந்து ஒழுக வேண்டும். கொஞ்சம் வந்து நின்றால் டேப்பிலோ டியூபிலோ மூடியின் காற்றுத் துளையிலோ அடைப்பு. பாட்டில் அடியில் முட்டை முட்டையாகத் தனியே ஒன்று உருண்டால் அது தண்ணீர்.

கரண்டும் இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அழுத்தம், குறைந்திருக்கலாம். சாவியை ஆஃப் செய்து, பிளக் துளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு கிக்கரை மிதிக்கச் சொல்லுங்கள், காற்று உங்கள் விரலைத் தள்ளிக்கொண்டு வெளியே வர வேண்டும். தள்ளவில்லை என்றால் வால்வு வேலை இருக்கிறது, அது வீட்டு வாசலில் முடிகிற காரியம் இல்லை.

உங்கள் விஷயத்தில், ராத்திரி நன்றாக ஓடி காலையில் ஒரேயடியாக மௌனம் என்பதால் கரண்ட் பக்கம்தான் என் சந்தேகம். பந்தயம் கட்டச் சொன்னால் பிளக் கேப் மேல் கட்டுவேன்.

கேள்வி: எத்தனை நேரம் தொடர்ந்து செல்ஃப் அடிக்கலாம்?
– ஒரு வாசகர், ஆரணி

பதில்: ஐந்து விநாடி. விட்டுவிட்டுப் பத்து விநாடியாவது பொறுத்து மறுபடி. நான்கைந்து முறைக்கு மேல் பிடிக்காத வண்டி ஐம்பதாவது முறையும் பிடிக்காது, பேட்டரிதான் படுக்கும், பிளக் நனையும். நனைந்துவிட்டது என்று தெரிந்தால் சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுதாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு ஐந்து விநாடி அடியுங்கள், அதிகப்படி பெட்ரோல் காற்றோடு வெளியே போய்விடும்.

கேள்வி: அண்ணா, நான் காலேஜ் மூன்றாம் வருடம் படிக்கிறேன். 2021-இல் வாங்கிய பிஎஸ்6 வண்டி. பார்க்கிங்கில் பக்கத்து வண்டி சாய்ந்து என் வண்டியையும் தள்ளிவிட்டது. தூக்கி நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் சுற்றுகிறதே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை. கீறலைத் தவிர அடி எதுவும் தெரியவில்லை. இது கம்ப்யூட்டர் வண்டி, கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– ஒரு வாசகி, கோவை

பதில்: பயப்படாதேம்மா. சாவியை முழுதாக ஆஃப் செய்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஆன் செய்து ஸ்டார்ட் செய்து பார். பெரும்பாலான ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சாய்வை அறியும் சென்சார் ஒன்று இருக்கிறது. வண்டி கீழே விழுந்தால் பெட்ரோல் பம்பையும் பொறியையும் அது நிறுத்திவிடும். நிமிர்த்தினால் மட்டும் போதாது, சாவியை அணைத்துப் போட்டால்தான் அது பழைய நிலைக்கு வரும். இது தெரியாமல் ஏகப்பட்ட வண்டிகள் குட்டியானையில் ஏறி சர்வீஸ் சென்டருக்குப் போகின்றன.

அப்படியும் பிடிக்கவில்லை என்றால், சாவியைப் போட்டதும் செல்ஃப் அடிக்காமல் டேங்க் பக்கம் காதை வை. இரண்டு மூன்று விநாடி 'விர்ர்' என்று ஒரு சத்தம் வந்து நிற்க வேண்டும், அதுதான் பம்ப் பெட்ரோலைச் சுமார் 3 பார் அழுத்தத்துக்கு ஏற்றுவது. சத்தமே இல்லை என்றால் ஃபியூஸைப் பார், பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் அல்லது பக்கவாட்டு மூடிக்குள் இருக்கும், அதே அளவு மாற்று ஃபியூஸும் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால் உள்ளே பிழை ஏதோ பதிவாகியிருக்கிறது. அப்போது சர்வீஸ் சென்டருக்குப் போவதுதான் சரி, கண்ணை மூடிக்கொண்டு சென்சார் மாற்றுவதில் அர்த்தமில்லை.

2021-இல் வந்த பேட்டரியே இன்னும் கிடக்கிறது என்றால் அதையும் சோதித்துவிடு. இந்த வண்டிகளில் பம்ப், இன்ஜெக்டர், காயில் எல்லாமே பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால், இன்ஜின் சோம்பலாகச் சுற்றும், மற்றதற்கெல்லாம் கரண்ட் மிச்சமிருக்காது. செல்ஃப் சுற்றுவதாலேயே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

கேள்வி: ஐயா, மழை வெள்ளத்தில் வண்டி சீட் வரை மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்து மூன்று நாள் வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். இப்போது ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தயவுசெய்து சாவியைக்கூடப் போடாதீர்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் உங்கள் பக்கத்திலும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே அப்போதும், வெள்ளத்தில் தப்பித்து, பிறகு செல்ஃப் பட்டனில் செத்த இன்ஜின்கள் நிறைய. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராட் வளையும். வெயிலில் மூன்று நாள் அல்ல, மூன்று வாரம் நிறுத்தினாலும் உள்ளே இருப்பது காயாது.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். ஆயில் போல்ட்டைத் திறந்து ஒரு தட்டில் வடியுங்கள், பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கர் இருந்தால் கையால் மெதுவாக அமுக்கியும், இல்லாவிட்டால் டாப் கியரில் பின்சக்கரத்தைத் திருப்பியும், தண்ணீரைத் துளை வழியாக வெளியேற்றுங்கள். டேங்க், கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் பெட்டி, சைலன்சர் எல்லாம் காலியாக வேண்டும். கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காற்றடித்துக் காய வையுங்கள். மலிவான ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் சில நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். நிறம் தெளியும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

இன்ஷூரன்ஸ் இருந்தால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் போட்டோ எடுத்து அவர்களுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யப்போய் இன்ஜின் உடைந்தால், இன்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்காத பாலிசிகளில் பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள்.

கேள்வி: எட்டுப் பத்துக் கிலோமீட்டர் ஓடினால் வண்டி தானாக நின்றுவிடுகிறது. உடனே அடித்தால் சுற்றுகிறது, பிடிப்பதில்லை. கால் மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்தால் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது. கார்புரேட்டர் இரண்டு தடவை சுத்தம் செய்தாயிற்று.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: டீ குடிக்கப் போகாதீர்கள். நின்ற அந்த நிமிடத்தில்தான் நோய் வெளியே தெரியும், ஆறிப்போன பிறகு மெக்கானிக்கிடம் கொண்டு போனால் வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும், அவரும் கார்புரேட்டரை மூன்றாவது தடவை சுத்தம் செய்து கொடுப்பார்.

நின்றதும் பெட்ரோல் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, அதன் பிறகு வண்டி பிடித்துக்கொண்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் காற்று போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. மூடியில் அப்படி எதுவும் இல்லையென்றால், மாற்று பிளக்கை எடுத்து அங்கேயே கரண்ட் பாருங்கள், சைலன்சரில் கை படாமல். சூட்டில் கரண்ட் காணாமல் போய், ஆறினால் திரும்பி வந்தால் காயில் அல்லது பிக்கப் காயில், உள்ளே சுற்றியிருக்கும் கம்பி சூட்டில் விட்டுப்போகிறது. கரண்டும் நன்றாக இருந்தால் வால்வைத் தள்ளும் டேப்பெட் இறுக்கமாக இருக்கலாம். அங்கே விட வேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், அதுவும் இல்லாமல் போனால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் ஓடிவிடும்.

கேள்வி: நான் துபாயில் வேலை செய்கிறேன். பழைய கார்புரேட்டர் பைக் ஊரில் நிற்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வரும்போதெல்லாம் இதே கதைதான், புதுப் பேட்டரி போட்டாலும் சுற்றும், பிடிக்காது. முதல் நான்கு நாள் மெக்கானிக் கடையிலேயே போய்விடுகிறது. அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது.
– ஒரு வாசகர், ராமநாதபுரம்

பதில்: ஒரு வருடம் நின்ற பெட்ரோலை நம்பி செல்ஃப் அடிக்காதீர்கள். எளிதில் பற்றுகிற பகுதி ஆவியாகிவிட்டிருக்கும், மிச்சம் கார்புரேட்டர் கிண்ணத்தில் பிசினாகப் படிந்து, ஐடிலுக்கு உள்ள சின்ன ஜெட்டை அடைத்திருக்கும். இப்போது பங்க்குகளில் கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், உங்கள் ஊர்க் கடல் காற்றில் கேட்கவே வேண்டாம், நாளானால் தண்ணீரோடு சேர்ந்து டேங்க் அடியில் தனியாக இறங்கிவிடும்.

வந்ததும் பழைய பெட்ரோலை முழுதாக வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி கிளீனர் ஸ்ப்ரே அடித்து, காற்றால் ஊதச் சொல்லுங்கள். ஜெட்டில் ஊசி விட்டுக் குத்த விடாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் எப்போதும் பெட்ரோல் குடிக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள், எலி கூடு கட்டியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த எலியே சீட்டுக்கு அடியில் வயரையும் கடித்திருக்கும்.

இந்த லீவு முடிந்து கிளம்பும் நாளில் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள், கிண்ணம் காலியாகி அதுவாக அணையும். டேங்க்கையும் வடித்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்து, மாதம் ஒரு தடவை சார்ஜ் போட அப்பாவிடம் சொல்லுங்கள், அதற்கு வண்டி ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. சைலன்சர் வாயில் ஒரு துணியைச் செருகிவிட்டுப் போங்கள், அடுத்த தடவை வந்ததும் அதை எடுக்க மறந்தால் மறுபடி எனக்கு இதே கடிதம் வரும்.