வாசகர் கேள்வி: பிஜியில் படகை நிறுத்திவிட்டு என்ன சாப்பிடுவது?

கேள்வி: மகன் ஆக்லாந்தில் வேலை பார்க்கிறான். ஜூன் மாதம் நண்பர்களோடு பாய்மரப் படகில் பிஜிக்குப் போகிறானாம், என்னை விமானத்தில் வந்து சேர்ந்துகொள்ளச் சொல்கிறான். நான் சுத்த சைவம். மூன்று வாரமும் பிரெட்டும் ஜாமும்தானா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. 1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக நம் ஆட்களைக் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போன நாடு அது, அதனால் லாவ்டோக்கா, நாடி என்ற ஊர்களின் சந்தைகளில் கத்தரிக்காய், வெண்டைக்காய், மஞ்சள் எல்லாம் பார்க்கலாம். ரொட்டி கேட்டால் உருளைக்கிழங்குக் கறியை உள்ளே வைத்துச் சுருட்டித் தருவார்கள். நிறைய காய் நம் ஊர் மாதிரியே கூறு கட்டித்தான் விற்பனை, ஒரு கூறு இவ்வளவு என்று சின்ன அட்டையில் எழுதியிருக்கும்.

பிஜிக்காரர்களின் சொந்தச் சாப்பாட்டையும் விடாதீர்கள். சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைப்பது ரோரோ, மரவள்ளிக்கிழங்கோடு அருமை. அதே இலையில் தேங்காய்ப்பாலைப் பொதிந்து சுடுவது பாலுசாமி, பெயர் நம் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், உள்ளே டின் மாட்டிறைச்சி வைப்பதும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: ஆக்லாந்திலிருந்து எடுத்து வரும் பழம், காய்கறி, இறைச்சி, தேன் மிச்சமிருந்தால் துறைமுகத்தில் அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள், வழியிலேயே தீர்த்துவிடட்டும்.

வாழைத்தாரை மட்டும் ஆசைப்பட்டு முழுசாக வாங்க வேண்டாம். நாங்கள் வாங்கிப் படகின் பின்பக்கம் கட்டித் தொங்கவிட்டோம், நாலு நாள் கல் மாதிரி இருந்தது, ஐந்தாம் நாள் காலையில் அத்தனையும் ஒன்றாகப் பழுத்து நின்றது. மூன்று வேளையும் வாழைப்பழப் பணியாரம். சீப்பாக வாங்குங்கள், கடல் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி ஏற்றுங்கள், கரப்பான் ஏறாது.

கேள்வி: அங்கே கிராமத்துக்குள் போனால் 'காவா' குடித்தே தீர வேண்டும் என்கிறார்களே, அது சாராயமா? (வாசகர், மதுரை)

பதில்: சாராயம் இல்லை. மிளகு, வெற்றிலை குடும்பத்துச் செடியின் வேர்தான், இடித்துத் தண்ணீரில் பிசைந்து வடிகட்டுவார்கள், புளிக்க வைப்பதே கிடையாது. குடித்தால் நாக்கும் உதடும் மரத்துப்போகும், உடம்பு தளரும். ருசி? குளத்துத் தண்ணீரைக் கலக்கிக் குடித்த மாதிரி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் விஷயம் ருசியில் இல்லை. அங்கே கிராமத்துக்கு முன்னால் இருக்கும் கடலும் மீனும் வழக்கப்படி அந்த ஊர்க்காரர்களுடையது. நங்கூரம் போட்டதும் குளிக்கவோ தூண்டில் போடவோ இறங்காமல், இடுப்பில் சாரம் கட்டி, தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றி, அரை கிலோ வேரைக் கட்டாக எடுத்துக்கொண்டு ஊர்த்தலைவரைப் பார்க்க வேண்டும். இதற்கு செவுசெவு என்று பெயர். பொடியாக வாங்கிப் போகாதீர்கள், முழு வேர்தான் மரியாதை, சந்தையிலேயே கட்டி விற்பார்கள். தலைவர் ஏற்றுக்கொண்டால் நீங்கள் அந்த ஊர் விருந்தாளி. பாயில் சம்மணம் போட்டு உட்காருங்கள், சிரட்டை உங்களிடம் வரும்போது ஒரு தடவை கைதட்டி 'புலா' என்று வணக்கம் சொல்லி ஒரே மூச்சில் குடித்துவிட்டு மூன்று தடவை தட்டுங்கள். கொஞ்சம் போதும் என்றால் 'லோ டைட்' என்று சொல்லலாம், அதாவது கடல் வற்றம், சிரட்டையில் பாதிதான் ஊற்றுவார்கள். நான் முதல் நாள் வீறாப்பாக 'ஹை டைட்' கேட்டுவிட்டு, திரும்பும்போது சின்னப் படகின் துடுப்பைத் தேடினேன், அது என் கையில்தான் இருந்தது. மருந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் குடிக்க வேண்டாம். பணிவாக மறுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கேள்வி: படகிலிருந்தே மீன் பிடித்துச் சமைக்கலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: தூத்துக்குடிக்காரருக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது! அங்கே வலு என்பது நம் வஞ்சிரம்தான். அதைத் துண்டு போட்டு எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, வெங்காயம், தக்காளி, மிளகாய் சேர்த்து, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றினால் கொகோண்டா. அடுப்பே வேண்டாம், ஆடுகிற படகில் இதைவிட நல்ல சமையல் எது?

ஒரே பயம் சிகுவாடெரா. பவளப்பாறையில் மேயும் சின்ன மீன்களைத் தின்று தின்று பெரிய சீலா (வஞ்சிரம் இல்லை, பாரகுடா), களவா மாதிரி மீன்களில் சேரும் விஷம். வாசனையில் தெரியாது, ருசியில் தெரியாது, வேகவைத்தாலும் போகாது. வாந்தி பேதியோடு, ஜில்லென்ற தண்ணீர் சுடுவது போலிருக்கும். ஒரு மலைமுனைக்கு இந்தப் பக்கம் பிடித்தது நல்ல மீனாகவும் அந்தப் பக்கம் பிடித்தது விஷமாகவும் இருக்கும் என்பதால், பிடித்த மீனைக் கரையில் காட்டி அந்த ஊர் மீனவரிடமே கேளுங்கள். அவர் தன் வீட்டுக்கு எடுத்துப்போவாரா என்று கேட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: பீர் கிடைக்குமா? (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: நகரத்தில் தாராளமாக. சில கிராமங்களில் மதுவே கூடாது, படகோடு வைத்துக்கொள்ளுங்கள். காவா குடித்த ராத்திரி தொடவே வேண்டாம்.