ஆர்மீனியாவில் வரலாறு, வழிபாட்டுத் தலங்கள், மலை மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். அங்கே மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் கஷ்டம். பழைய மடாலயம் என்றாலே மலை விளிம்பில்தான் கட்டியிருப்பார்கள். பலர் தலைநகர் யெரவானில் ஓட்டல் எடுத்துக்கொண்டு, தினமும் காலையில் டூர் வேனில் கிளம்பி ராத்திரி திரும்புகிறார்கள். பக்கத்து இடங்களுக்கு அது போதும், தெற்கே போக அது சரிப்படாது. தெற்கே இருக்கும் டாதெவ் மடாலயம் யெரவானிலிருந்து சுமார் 250 கி.மீ., மலைச்சாலை வேறு. ஒரே நாளில் போய் வந்தால் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான் மிச்சம். அதனால் தெற்குச் சாலையில் போய், வழியில் தங்கி, செவான் ஏரிப் பக்கமாகச் சுற்றித் திரும்புங்கள் என்பேன்.

முதலில் கோர் விராப் மடாலயம். கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்ற முதல் நாடு தங்களுடையது என்பது ஆர்மீனியர்களின் பெருமை. மரபுப்படி அது கி.பி. 301. அதற்கு முன் ஆர்மீனிய மன்னன் திரிதாத், அந்தச் சமயத்தைப் பரப்பிய புனித கிரிகோரியைப் பல ஆண்டுகள் அடைத்து வைத்ததாகச் சொல்லும் பாதாளக் குழி இங்கேதான் இருக்கிறது. இரும்பு ஏணி வழியாக நாமும் இறங்கலாம். ஏணி செங்குத்து, உள்ளே புழுக்கம். முட்டிவலி உள்ளவர்கள் மேலேயே நின்றுகொள்ளலாம். வெளியே வந்தால் எதிரே அராரத், 5,137 மீட்டர். ஆர்மீனியாவின் அரசுச் சின்னத்திலேயே இருக்கும் மலை, ஆனால் நிற்பது துருக்கியில். ஆர்மீனியாவுடனான எல்லையைத் துருக்கி 1993இல் மூடியது. மலையைத் தெளிவாகப் பார்க்க விடிந்ததும் போய்விடுங்கள். கோடையில் வெயில் ஏறினால் புழுதி மூட்டத்தில் மலை காணாமல் போய்விடும்.

அடுத்து நோரவாங்க். செங்கல் நிறப் பாறைகளுக்கு நடுவே குறுகலான பள்ளத்தாக்கு, அதன் கடைசியில் மடாலயம். 1339இல் முடிந்த இரண்டு மாடித் தேவாலயம். மோமிக் என்ற சிற்பியின் கைவேலை. மேல் மாடிக்கு முகப்புச் சுவரிலேயே நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகள்தான் வழி, கைப்பிடி கிடையாது. ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் தைரியம் வேண்டும். சாயங்கால வெயிலில் பாறை சிவந்து எரிவது போல் இருக்கும், அந்த நேரத்துக்குப் போய்ச் சேருங்கள்.

டாதெவுக்கு ஹலிட்ஸோர் கிராமத்திலிருந்து ரோப்கார் இருக்கிறது. 2010இல் திறந்தார்கள், நீளம் 5.7 கி.மீ. வோரோத்தான் பள்ளத்தாக்கின் மேலே மிதந்து போய் 9ஆம் நூற்றாண்டு மடாலயத்தின் வாசலில் இறங்குவீர்கள். 14ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு பல்கலைக்கழகமே நடந்தது. ராத்திரிக்கு கோரிஸ் ஊரில் தங்கலாம். சைவம் சாப்பிடுபவர்கள் அங்கே ஜிங்கலோவ் ஹாட்ஸ் கேளுங்கள்: பலவகைக் கீரைகளைப் பொடியாக நறுக்கி உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டி. ஸ்பாஸ் என்ற தயிர் சூப்பும் உண்டு, கிட்டத்தட்ட நம் மோர்க்கஞ்சிதான், கம்புக்குப் பதில் கோதுமை. மாமிச ரசத்தில் செய்யவில்லையே என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது செலிம் கணவாய் வழியாக ஏறுங்கள். சுமார் 2,400 மீட்டர் உயரத்தில், 1332இல் கட்டிய வணிகர் சத்திரம் இன்றும் நிற்கிறது. உள்ளே நடுவில் மாடு குதிரைகளுக்கு நீளமான கூடம், ஓரங்களில் மனிதர்களுக்கு இடம், கூரைத் துளைகள் வழியாக வெளிச்சம். எனக்கு எந்தத் தேவாலயத்தையும்விட இதுதான் பிடித்தது. அந்தப் பக்கம் இறங்கினால் நோரதூஸ் கல்லறைத் திடலில் நூற்றுக்கணக்கான கச்கார்கள், அதாவது சிலுவை செதுக்கிய நடுகற்கள். படை வந்தபோது ஊர்க்காரர்கள் அவற்றுக்குத் தலைக்கவசம் மாட்டி வாள் சார்த்தி எதிரியை விரட்டினார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். அப்புறம் செவான் ஏரி. அங்குள்ள மடாலயம் ஒரு காலத்தில் தீவில் இருந்தது. சோவியத் காலத்தில் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் நீரை இறக்கியதில் தீவு கரையோடு ஒட்டிவிட்டது. கூட்டம் அதிகம், நான் அங்கே ரொம்ப நேரம் நிற்கவில்லை.

கார்னி, கெகார்டு இரண்டையும் யெரவானிலிருந்து அரை நாளில் பார்க்கலாம். கார்னி கிறிஸ்தவத்துக்கு முந்தைய கோயில். 1679 நிலநடுக்கத்தில் விழுந்ததை 1970களில் நிமிர்த்தினார்கள். புதுக் கற்களை வேலைப்பாடு இல்லாமல் விட்டிருப்பதால் பழசு எது என்று உடனே தெரியும். கெகார்டு மடாலயம் பாதி கட்டியது, பாதி மலையைக் குடைந்தது. சில மடாலயங்களில் வேண்டுதலுக்கு ஆடு அறுத்து ஏழைகளுக்குப் பங்கிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 'மதாக்' என்பார்கள். நம் ஊர்க் கிடாவெட்டு பார்த்தவர்களுக்கு அது ஒன்றும் விசித்திரமாகத் தெரியாது. தேவாலயத்தை விட்டு வெளியே வரும்போது பீடத்துக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி நடப்பார்கள். நீங்களும் அப்படியே வந்தால் மரியாதை.

சென்னையில் இருந்தால் கிளம்பும் முன் ஆர்மீனியன் தெரு சர்ச்சுக்கு ஒரு நடை போய்வாருங்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் அச்சானது இதே மதராசில்தான்.

மே கடைசியிலிருந்து ஜூன் வரை, இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். பனிக்காலத்தில் செலிம் சாலையை மூடிவிடுவார்கள், அப்போது வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். டாதெவும் கோரிஸும் இருக்கும் சியூனிக் பகுதி அசர்பைஜான் எல்லையை ஒட்டி இருப்பதால், கிளம்பும் வாரத்தில் அங்கத்திய நிலவரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.