வீட்டுல ஒயின் பாட்டில்களை எப்படி வைக்கிறது?

அடுப்புக்கு மேல இருக்குற ஷெல்ஃப்ல இருபது பாட்டில் வச்சிருக்கேன், பரவாயில்லையான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு இன்னைக்கே அங்கிருந்து எடுத்துடுங்க. ஒயினுக்கு முதல் எதிரி சூடுதான், 12–13 டிகிரி செல்சியஸ்ல இருந்தா ரொம்ப நல்லது, அதைவிட முக்கியம் அது ஏறி இறங்காம இருக்கணும், பகல்ல சூடாகி ராத்திரி குளிர்ந்துட்டே இருந்தா ஒயின் விரிஞ்சு சுருங்கி கார்க்கை அசைச்சிடும், காத்து உள்ள போயிடும். ஒரு பாட்டிலோட கழுத்தைத் தடவிப் பாருங்க, பிசுபிசுன்னு இருந்து கார்க்கும் லேசா மேல தள்ளியிருந்தா அது சூட்டுல கசிஞ்சது, அதை இனிமே சேர்த்து வைக்காம முதல்ல திறந்துடுங்க.

கார்க் போட்டதைப் படுக்க வைங்க, ஒயின் பட்டுட்டே இருந்தாதான் கார்க் காயாது. திருகு மூடின்னா நிக்க வச்சாலும் ஒண்ணும் ஆகாது. வெயில் படவே கூடாது. சாதாரண ஃப்ரிட்ஜ் சில வாரத்துக்கு ஓகே, மாசக்கணக்குல வேணாம், உள்ள காத்து வறண்டிருக்கும். ஜன்னல் இல்லாத ரூம்ல அலமாரியோட கீழ்த்தட்டு கிடைச்சா போதும், விலை ஜாஸ்தியான பாட்டில் சேர ஆரம்பிச்சா ஒயின் கூலர், அதாவது ஒயினுக்குன்னே இருக்குற ஃப்ரிட்ஜ், வாங்கிடுங்க. இன்னொண்ணு, கடையில கிடைக்கிறதுல பெரும்பாலானது சில வருஷத்துக்குள்ள குடிக்கவே செஞ்சது, அதனால வாங்குன தேதியை சீட்டுல எழுதி பாட்டில் கழுத்துல மாட்டி விடுங்க.