சுங்குடிப் புள்ளி, கல்வெட்டுக் கீறல்: பைத்தானில் படம் திருத்துவோர் கேட்டவை

மதுரையிலும் பக்கத்து ஊர்களிலும் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதிப் படங்களைக் கையாளுகிறவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (கீழவாசல், புடவை வியாபாரம்): சிவப்புச் சுங்குடியை போன்ல எடுத்து, பில்லோங்கிற பைத்தான் தொகுப்புல 1200 பிக்சலுக்குச் சுருக்கிப் போடுறேன். முத்து முத்தா இருந்த வெள்ளைப் புள்ளி ரோஸ் கலர்ல மங்கிருது. சிவப்பும் சோகையாத் தெரியுது. என்ன சார் பண்றது?

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. படத்தைச் சேமிக்கும் ஜேபெக் வடிவம் வழக்கமாக வெளிச்சத்தை முழு அளவில் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பாதி அகலம், பாதி உயரத்தில் சேமிக்கும். நான்கு பிக்சலுக்குப் பொதுவாக ஒரே நிறம். சுருக்கிய படத்தில் புள்ளியின் அகலமே இரண்டு மூன்று பிக்சல்தான் என்பதால் பக்கத்துச் சிவப்பு அதற்குள் ஊறிவிடுகிறது. சேவ் கட்டளையில் சப்சாம்ப்ளிங் 0 (நிறத்தைப் பாதியாக்காதே என்று பொருள்), குவாலிட்டி 90 என்று கொடுங்கள். குவாலிட்டி சொல்லாவிட்டால் பில்லோ 75 எடுத்துக்கொள்ளும். சுருக்குவதற்கு, சுற்றுப் பிக்சல்களைக் கலந்து கணக்கிடும் லான்சோஸ் முறையே போதும். ஒரே ஒரு பிக்சலை மட்டும் எடுத்துக்கொள்ளும் நியரஸ்ட் முறையில் சில புள்ளிகள் காணாமலே போகும், நூலிழை அலையலையாகத் தெரியும்.

சிவப்பு சோகையாவது நிற புரொஃபைல் (எண்களை எந்த நிறமாகக் காட்டுவது என்ற குறிப்பு) தொலைவதால். சில போன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் எடுக்கின்றன. நாம் தனியாகச் சொல்லாவிட்டால் பில்லோ ஜேபெக்கில் அந்த புரொஃபைலை எழுதாது. சேமிக்கும் முன் பில்லோவின் இமேஜ்சிஎம்எஸ் தொகுதியால், திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றிவிடுங்கள்.

நாய்ஸ் (படத்தில் தெறிக்கும் பொட்டுகள்) நீக்க, சுற்றியுள்ள 25 பிக்சலின் நடு மதிப்பை எடுக்கும் 5×5 மீடியன் ஃபில்டர் போடும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். 25 பிக்சலில் 13க்குக் குறைவாக இடம்பிடிக்கும் எதையும் அது விழுங்கிவிடும். 3×3 அளவுள்ள புள்ளியில் ஒன்பதே பிக்சல். கையால் முடிச்சிட்ட புடவையில் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. வாங்குகிறவர் தேடுவதே அதைத்தான்.

கேள்வி (அதே கடை): இமேஜ்மேஜிக்ங்கிற படம் திருத்தும் மென்பொருள்ல மோக்ரிஃபை கட்டளையை ஓட்டினேன், 400 ஒரிஜினலும் சின்னதாயிருச்சு.

பதில்: மோக்ரிஃபை அதே கோப்பின் மேலேயே எழுதும், திரும்பக் கிடைக்காது. பாத் என்ற விருப்பத்தில் வேறு ஃபோல்டரைக் கொடுத்தால் ஒரிஜினல் தப்பும்.

கேள்வி (சிம்மக்கல், கல்யாண ஸ்டுடியோ): வெளிச்சம் கூட்ட எல்லா பிக்சலிலும் 60 சேர்த்தேன். மாப்பிள்ளை வேட்டியில் கறுப்புத் திட்டு விழுது.

பதில்: பிக்சலின் மதிப்பு எட்டு பிட் எண். அது 255க்கு மேல் போகாது, சுற்றிக்கொண்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து வரும். 250உடன் 60 சேர்த்தால் 54. நம்பை (பைத்தானின் எண் தொகுப்பு) வரிசையில் கூட்டல் குறி போடாமல், ஓப்பன்சிவி என்ற படத் தொகுப்பின் ஆட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது 255இல் நிறுத்திக்கொள்ளும்.

கேள்வி (திருமங்கலம்): பழைய தமிழ் நோட்டீஸ்களை டெசராக்ட்ங்கிற எழுத்துணரி (ஓசிஆர்) வச்சுப் படிக்கிறேன். புள்ளி வச்ச எழுத்தெல்லாம் புள்ளியில்லாம வருது அண்ணே.

பதில்: 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள் தம்பி. கறுப்பு வெள்ளையாக்க சைகிட்-இமேஜ் தொகுப்பில் உள்ள சவோலா முறை, அக்கம்பக்க வெளிச்சத்தைப் பார்த்து முடிவெடுப்பதால், பழுப்பேறிய தாளுக்கு நல்லது. எழுத்து சுமார் 30 பிக்சல் உயரம் என்றால் விண்டோ (ஒரே நேரத்தில் பார்க்கும் கட்டத்தின் அகலம்) 41 வைக்கலாம், ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும். எவ்வளவு கறாராகக் கறுப்பைத் தேர்வது என்று சொல்லும் கே மதிப்பை 0.2இல் தொடங்குங்கள். கறை மிஞ்சினால் கூட்டுங்கள், புள்ளி கரைந்தால் குறையுங்கள். தூசி நீக்குகிறோம் என்று சிறு துண்டுகளை அழிக்கும் வரி உங்கள் ஸ்கிரிப்டில் இருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்படணும். தூசியும் மெய்யெழுத்துப் புள்ளியும் அதற்கு ஒன்றுதான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் துதிக்கை போட்ட லை, ணை போன்றவற்றை ஆள் பார்த்துத்தான் திருத்த வேண்டியிருக்கும்.

கேள்வி (உசிலம்பட்டி): ஃபோல்டருக்குத் தமிழில் பேர் வச்சதும் ஓப்பன்சிவி படத்தைத் திறக்கவே மாட்டேங்குது. பிழைச் செய்தியும் இல்லை.

பதில்: விண்டோஸில் இது பழைய தொல்லை. படத்தைத் திறக்கும் ஐஎம்ரீட் கட்டளை தோற்றால் பேசாமல் நன் (None, ஒன்றுமில்லை) என்று திருப்பும், அடுத்த வரியில்தான் ஸ்கிரிப்ட் விழும். நம்பையின் ஃப்ரம்ஃபைலால் கோப்பைப் படித்து ஓப்பன்சிவியின் ஐஎம்டிகோடுக்குக் கொடுங்கள்.

கேள்வி (மேலூர்): மாங்குளம், கீழவளவு பக்கம் குகைத்தளத்துத் தமிழ்ப் பிராமி எழுத்தைப் படம் எடுத்தா பாறையும் எழுத்தும் ஒரே நிறம். ஸ்கிரிப்டால பிரிக்க முடியுமா?

பதில்: ஒரே படத்திலிருந்து பிரிப்பது கடினம். வெளிச்சத்தைத் திசை மாற்றி எட்டுப் படம் எடுத்தால் முடியும். தொல்லியல் துறையிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். எழுத்தில் சுண்ணாம்போ சாக்பீஸோ படக்கூடாது.

முக்காலியில் கேமராவை வைத்து ஃபோகஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் பூட்டி, டைமரில் எடுங்கள். டார்ச் பாறையோடு 10 முதல் 15 பாகைச் சாய்வில் இருக்கட்டும். எழுத்து குகையின் நெற்றியில், நீர்வடி விளிம்பை (மழைநீர் உள்ளே வராமல் வெட்டிய விளிம்பு) ஒட்டி இருப்பதால் டார்ச்சை நீளக் கம்பில் கட்டித்தான் பிடிக்க முடியும். டார்ச் இல்லாமலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரிப்டில் எட்டையும் தசம எண்ணாக மாற்றி, சாம்பல் நிறமாக்கி, டார்ச் இல்லாத படத்தை ஒவ்வொன்றிலிருந்தும் கழிக்கணும். பிறகு ஒவ்வொரு படத்தையும், சிக்மா (மங்கலின் அளவு) 50 கொடுத்து மங்கலாக்கிய அதன் நகலாலேயே வகுத்தால் டார்ச்சின் ஏற்ற இறக்கம் சமனாகும். கடைசியில் பிக்சல்வாரியாக எட்டிலும் உள்ள பெரிய மதிப்பிலிருந்து சிறிய மதிப்பைக் கழியுங்கள். சமதளப் பாறை எட்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் மங்கும். உளி வெட்டின் சுவர் ஒரு படத்தில் பளிச்சென்றும் இன்னொன்றில் இருட்டாகவும் இருக்கும், அதனால் எழும்பி வரும்.

கேமரா ஒரு பிக்சல் அசைந்தாலும் கோடு இரட்டிக்கும். கடைசியில் கிளாஹே (பகுதி பகுதியாக மாறுபாட்டைக் கூட்டும் முறை) போடுவதானால் கிளிப் (கூட்டலின் வரம்பு) 2.0, கட்டம் 8×8 போதும். கூட்டினால் பாறையின் மணியெல்லாம் எழுத்துபோல் தெரியும்.

கேள்வி (அவரே): ஏஐ ஷார்ப்பன் ஆப்பில் போட்டா இன்னும் தெளிவாகுமா?

பதில்: கல்வெட்டுக்கு வேண்டாம். அந்த ஆப்கள் தாம் பழகிய படங்களைப் பார்த்து இல்லாத கோட்டை ஊகித்துப் போடும். தமிழ்ப் பிராமியில் ‘க’ ஒரு கூட்டல் குறி. அதில் வலப்பக்கம் ஒரு சின்னக் கோடு கூடினால் ‘கா’ ஆகிவிடும்.