கடன்பட்டு மருத்துவம் வேண்டாம், மகனின் கை போகும் வழியைப் பாருங்கள்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

டோர்ட்முண்டிலிருந்து நீங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய மடலை வாசித்தேன். மகனின் அபித்தூர் என்ற பள்ளியிறுதித் தேர்வுப் புள்ளிகள் ஜேர்மனிய மருத்துவபீடங்கள் கேட்கும் அளவுக்கு வரவில்லை என்பதும், கிழக்கு ஐரோப்பாவில் கட்டணம் கட்டிப் படிப்பிக்கலாம் என்று லண்டனிலுள்ள தாய்மாமன் வற்புறுத்துவதும், அதற்காகச் சீட்டு எடுத்தும் வங்கியில் கடன்பட்டும் ஆறு ஆண்டுகளுக்கு எண்பதாயிரம் யூரோ திரட்ட நீங்கள் யோசிப்பதும் விளங்குகிறது. அகதியாக வந்து, உணவகச் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் உழைத்து ஆளாக்கிய பிள்ளை என்பதால் உங்கள் கலக்கம் நியாயமானது. ஆனால் இந்தத் திட்டத்தை என்னால் ஆதரிக்க முடியாது.

நீண்ட மடலில் மகனின் விருப்பம் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. பழுதான அம்ப்ளிஃபையர்களையும் ரேடியோக்களையும் பிரித்துப் போட்டுக்கொண்டு எந்நேரமும் வீட்டு நிலவறையான கெல்லரிலேயே இருக்கிறான் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. உங்களைப் போலவே துரத்தப்பட்டு வேறு நாட்டில் வாழ்க்கையைத் தொடங்கிய ஒரு ஜேர்மனியரின் கதையை, அந்த வரியை மனதில் வைத்தே சொல்கிறேன்.

ரால்ஃப் பேயர் 1922இல் ஜேர்மனியில் பிறந்த யூதர். யூதர் என்ற காரணத்துக்காகப் பதினான்கு வயதில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் நொறுக்கப்படுவதற்குச் சற்று முன்னர் குடும்பம் தப்பி நியூயோர்க் சென்றது. அங்கே அவர் தொழிற்சாலையொன்றில் வாரம் 12 டொலர் சம்பளத்துக்கு வேலை செய்தார். அந்த நிலையில் அவர் தேர்ந்தெடுத்தது வானொலி பழுதுபார்க்கும் அஞ்சல்வழிப் படிப்பு. 1940இல் அதை முடித்துச் சான்றிதழ் பெற்றார். பட்டதாரி என்ற பெயர் இல்லை, ஆனால் கையில் ஒரு தொழில் இருந்தது. 1943இல் அமெரிக்க இராணுவம் அவரை அழைத்தது. போர்க்காலத்தில் லண்டனில் இராணுவ உளவுப் பிரிவில் பணியாற்றினார். போர் முடிந்ததும், படைவீரர்களின் கல்விக்கு அரசே செலவு செய்த திட்டத்தின் கீழ், 1949இல் சிகாகோவில் தொலைக்காட்சிப் பொறியியலில் பட்டம் பெற்றார். பட்டம் அவருக்குத் தொழிலுக்குப் பின்னரே வந்தது, அதுவும் குடும்பத்தின் தலையில் கடனை ஏற்றாமல் வந்தது. இந்த ஒழுங்கைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

பட்டம் பெற்றபின் அவர் சேர்ந்த முதல் நிறுவனத்தில் அறுவைச் சிகிச்சைக்கான மின்கருவிகளை உருவாக்கினார். மகன் மருத்துவத் துறையில் இருக்க வேண்டும் என்பது உங்கள் ஆசையென்றால், மருத்துவக் கருவிகளைச் செய்பவர்களும் சோதிப்பவர்களும் அந்தத் துறையில்தான் இருக்கிறார்கள். 1956இல் நியூ ஹாம்ப்ஷயரில் இராணுவ மின்னணுக் கருவிகள் செய்யும் சாண்டர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, 1987 வரை அங்கேயே இருந்தார். வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாடலாம் என்ற எண்ணத்தை 1966இல் நான்கு பக்கத்தில் எழுதினார். அதிலிருந்து பிறந்த கருவி 1972இல் மக்னவொக்ஸ் ஒடிசி என்ற பெயரில் கடைகளுக்கு வந்தது. வீடுகளுக்கென விற்பனைக்கு வந்த முதல் வீடியோ விளையாட்டுக் கருவி அதுவே. 1952இல் மணமுடித்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். 2006இல் அமெரிக்க அதிபரின் கையால் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்றார். முதுமையிலும் வீட்டு நிலவறைப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்து, 2014 டிசம்பரில் 92 வயதில் காலமானார். அந்தப் பட்டறை இப்போது வாஷிங்டனிலுள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மகன் பேயர் ஆகிவிடுவான் என்று நான் சொல்லவில்லை. பழுதுபார்க்கும் தொழிலில் தொடங்குவது ஒரு பிள்ளையின் வளர்ச்சியை அடைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்கிறேன்.

மருத்துவம், பொறியியல் பட்டம், கணினித்துறை ஆகியவற்றை உறவினர்கள் ஏற்கெனவே போதுமான அளவு விளக்கியிருப்பார்கள். அவர்கள் சொல்லாமல் விட்ட வழி உங்கள் வாசலிலேயே இருக்கிறது. எலெக்ட்ரோனிக்கர் ஃபூர் கெரேட்ட உண்ட் சிஸ்டேம என்ற அவுஸ்பில்டுங், அதாவது மின்னணுக் கருவிகளுக்கான தொழிற்பயிற்சி, மூன்றரை ஆண்டுகள் கொண்டது. அபித்தூர் முடித்தவர்கள் விண்ணப்பித்தால் ஓராண்டு வரை குறைக்கவும் இடமுண்டு. வாரத்தின் பெரும்பகுதி நிறுவனத்தில் கழியும். ஒன்றிரண்டு நாட்கள், அல்லது சில வாரங்கள் தொடர்ச்சியாக, தொழிற்கல்விப் பள்ளியில் வகுப்பு நடக்கும். சுற்றுப்பலகை வடிவமைப்பது, பற்றவைப்பது, அலைகாட்டியில் அளந்து பழுதைக் கண்டுபிடிப்பது, நுண்கட்டுப்படுத்திக்கு நிரல் எழுதுவது, மாதிரிக் கருவியைச் சோதித்து ஆவணப்படுத்துவது என்று உங்கள் மகன் கெல்லரில் தட்டுத்தடுமாறிச் செய்வதையெல்லாம் அங்கே முறையாகக் கற்பிப்பார்கள். பயிற்சியின் நடுவில் ஒன்றும் இறுதியில் ஒன்றுமாக இரண்டு பகுதிகளாகத் தேர்வை நடத்துவது தொழில் வணிகச் சபை. அந்தச் சான்றிதழ் ஜேர்மனி முழுவதும் செல்லும்.

கணக்கையும் பாருங்கள். 2025இல் தொடங்கிய பயிற்சிக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் முதலாண்டில் மாதம் 682 யூரோவாக இருந்தது. ஆண்டுதோறும் அது கூடும். கூட்டு ஒப்பந்தமுள்ள பெரிய உலோக, மின்னியல் நிறுவனங்களில் முதலாண்டிலேயே ஆயிரத்தைத் தாண்டும். பயிற்சிக்கும் தேர்வுக்கும் வேண்டிய கருவிகளை நிறுவனமே தர வேண்டும். இருபத்தைந்து வயதுவரை, பயிற்சிக் காலத்தில் பிள்ளைக்கான அரசுக் கொடுப்பனவான கிண்டர்கெல்டும் (2025இல் மாதம் 255 யூரோ) உங்களுக்கு நிற்காது. ஒரு பக்கம் எண்பதாயிரம் யூரோ கடன். மறுபக்கம் பத்தொன்பது வயதில் சொந்த வருமானம். ஐம்பது வயதைத் தாண்டி, முழங்கால் வலியோடு இரவு வேலைக்குப் போகும் ஒரு தந்தை, மகன் கேட்காத படிப்புக்காக அந்தக் கடனில் கையெழுத்திடக் கூடாது. இதில் விட்டுக்கொடுத்துப் பேச என்னால் முடியாது.

படிப்பு அத்தோடு முடிந்துவிடும் என்ற கவலையும் வேண்டாம். அபித்தூர் கையில் இருப்பதால் பல்கலைக்கழகக் கதவு அவனுக்கு என்றும் திறந்தே இருக்கும். அரசாங்கத் தேர்வு பெற்ற டெக்னிக்கர், அதாவது உயர்நிலைத் தொழில்நுட்பவியலாளர், ஆவதற்கு முழுநேரமாக இரண்டு ஆண்டுகள் போதும், அதற்கு அரசு உதவித்தொகையும் உண்டு. மின்பொறியியலோ மருத்துவத் தொழில்நுட்பமோ படிக்க இருபத்து மூன்று வயதில் அவனே விரும்பினால், விரிவுரை மண்டபத்தில் பலருக்கு இல்லாத கைப்பழக்கத்தோடு போய் அமர்வான்.

ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனால் மகன் என்ன படிக்கிறான் என்று நாலு பேர் கேட்பார்கள் என்று அம்மா எழுதியிருக்கிறார். கேட்பவர்களில் ஒருவரும் அந்தக் கடனில் ஒரு தவணை கட்டப் போவதில்லை. மின்னணுத் தொழில் பயில்கிறான் என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். தாய்மாமனுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்; மகனையே தொலைபேசியில் பேச விடுங்கள். மருத்துவம் படிக்க விருப்பமா என்று அவனிடம் நேரே யாரும் கேட்டதாக உங்கள் மடலில் இல்லை.

பயிற்சி பெரும்பாலும் ஆகஸ்ட் அல்லது செப்டெம்பரில் தொடங்கும். பெரிய நிறுவனங்கள் ஓராண்டு முன்னரே விண்ணப்பங்களை வாங்கிவிடுகின்றன. ஆகவே இந்த வாரமே அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான அர்பைட்ஸ்அகெந்தூரின் தொழில் ஆலோசகரிடம் மகன் நேரம் எடுக்கட்டும், அது இலவசம். இரண்டு கிழமை ப்ரக்டிகும், அதாவது குறுகிய அனுபவப் பயிற்சி, செய்ய ஒரு நிறுவனத்தைத் தேடச் சொல்லுங்கள். திருத்திய அம்ப்ளிஃபையர்களைப் படம் எடுத்து, என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தான் என்று தன் கைப்பட ஜேர்மன் மொழியில் எழுதி விண்ணப்பத்தோடு இணைக்கட்டும். வங்கியில் குறித்திருக்கும் சந்திப்பை நாளைக்கே ரத்துச் செய்துவிடுங்கள்.