இரண்டாம் கியரில் 'கர்ர்': பிரிக்கும் முன்னும் பிரித்த பின்னும்

கேள்வி: என் ஆல்டோ 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கினால் 'கர்ர்' என்கிறது. மற்ற கியர்கள் ஒழுங்காக விழுகின்றன. ஸ்பேனர் செட் எல்லாம் இருக்கிறது. கியர்பாக்ஸை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் முதலில் கிளட்ச்சைச் சந்தேகப்படுங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது கிளட்ச்சை முழுவதும் மிதித்து, ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சின்க்ரோ (பல் கோக்கும் முன் கியரின் வேகத்தையும் ஷாஃப்ட்டின் வேகத்தையும் சமமாக்கும் அமைப்பு) கிடையாது. உரசினால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். கேபிளைச் சரிசெய்தாலே தீர்ந்துவிடலாம். ரிவர்ஸ் சத்தமின்றி விழுந்து இரண்டு மட்டும் உரசினால்தான் சின்க்ரோ ரிங் பக்கம் போக வேண்டும். வடித்த ஆயிலில் பொன்னிறத் தூள் மினுங்கினால் அது பித்தளை ரிங்கின் தேய்மானம். காந்தத்தை விட்டு எடுக்கும்போது இரும்புச் சிராய் ஒட்டினால் பல்லோ பேரிங்கோ போயிருக்கிறது; செலவு கூடும்.

பேட்டரி நெகடிவ்வைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்கவே கூடாது. எஞ்சினுக்கு மரக்கட்டை வைத்துத் தாங்கல் கொடுங்கள். கியர்பாக்ஸை இழுக்கும்போது அதன் கனம் இன்புட் ஷாஃப்ட்டில் (கிளட்ச்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் வரும் தண்டு) தொங்கினால் கிளட்ச் பிளேட் வளைந்துவிடும். ஆகவே இறக்க இரண்டாவது ஆள் தேவை.

ஐந்தாம் கியர் பக்க மூடிக்குள் தனியாக இருக்கும். அதன் நட்டைக் கழற்ற ஒரே நேரத்தில் இரண்டு கியர்களை விழவைத்தால் ஷாஃப்ட்டுகள் பூட்டிக்கொள்ளும். அந்த நட்டை மறுபடி பயன்படுத்த வேண்டாம். அடுத்து, ரிவர்ஸ் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட் கேஸின் வெளியே இருக்கிறது. அதை மறந்துவிட்டு, கேஸ் வரவில்லையே என்று ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் அலுமினிய முகம் கீறி ஆயில் கசியும். பிளாஸ்டிக் சுத்தியலால் கேஸின் நீட்டியிருக்கும் காதுகளில் தட்டினாலே பிரியும். கியரைத் தள்ளும் செலக்டர் ஷாஃப்ட்டின் ஸ்பிரிங்கும் குண்டும் தெறிக்கும்; துணியால் மூடிக்கொண்டு எடுங்கள்.

இரண்டாம் கியர் கௌண்டர் ஷாஃப்ட்டில் (இன்புட் ஷாஃப்ட்டின் பக்கத்தில் ஓடும் இரண்டாவது தண்டு) இருக்கிறது. அதை எடுக்க பேரிங்கையும் மேலே இறுக்கமாக ஏறியிருக்கும் கியர்களையும் கழற்ற வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். சுத்தியலால் அடித்தால் ஷாஃப்ட் கெடும். ஸ்லீவும் (நகர்ந்து கியரைப் பிடிக்கும் வளையம்) அதன் உள்ளே ஷாஃப்ட்டில் உட்காரும் ஹப்பும் எந்தத் திசையில், எப்படிச் சேர்ந்திருந்தன என்று கழற்றும் முன்பே குறி போடுங்கள்.

இனி முக்கியமான சோதனை. ரிங்கைக் கியரின் கூம்பில் அழுத்தி, ரிங்குக்கும் கியரின் சிறு பற்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். புதிதில் 1 மி.மீ.க்குக் குறையாது, 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். அதோடு நின்றுவிடாதீர்கள். கியரின் சிறு பற்கள் கூரிழந்து உருண்டிருந்தாலோ, கூம்பில் கீறலோ தீய்ந்த நிறமோ இருந்தாலோ, புது ரிங் மட்டும் போட்டுப் பயனில்லை. கொஞ்ச நாளில் அதே சத்தம் திரும்பும். கியரையும் மாற்றத்தான் வேண்டும்.

சேர்க்கும்போது, ஹப்பின் இரு பக்க ஸ்பிரிங் முனைகளும் ஒரே கீயில் (ஹப்பின் பள்ளத்தில் உட்காரும் சிறு துண்டு) மாட்டக் கூடாது. பேரிங் ஏற்றும் குழாய் உள்வளையத்தில் மட்டுமே பட வேண்டும். பேரிங் மாற்றினால் ஷிம்மையும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) கையேட்டின்படி அளந்து போடுங்கள். ஆயில் சீல்கள் எல்லாம் புதிதாக இருக்கட்டும். கிளட்ச் ரிலீஸ் பேரிங்கையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது, அதற்காக இன்னொரு முறை இறக்க வேண்டாம். சீலன்ட் மெல்லிய கோடு போதும். அதிகமானால் உள்ளே பிதுங்கி ஆயில் வழியை அடைக்கும்.

கேஸை மூடியதும், வண்டியில் ஏற்றும் முன், இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றியபடி ஐந்து கியரும் ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள். எங்காவது பிடித்தால் அங்கேயே பிரித்துவிடுங்கள். ஏற்றிய பின், கையேடு சொல்லும் விஸ்காசிட்டியில் (ஆயிலின் கெட்டித்தன்மை) ஜி.எல்.-4 தர கியர் ஆயிலை, சமதரையில் லெவல் துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். ஜி.எல்.-5 வேண்டாம்: அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கலாம், ரிங்கும் வழுக்கும்.