இசை வாசல்: புதிய மெட்டல் குழுக்களைத் தேடிச் செல்வது எப்படி?

ஹெவி மெட்டல் இசையைப் பற்றி வந்த கடிதங்கள் தனியே எடுத்துவைத்துப் பதில் எழுதும் அளவுக்கு இம்மாதம் சேர்ந்துவிட்டன. எல்லாமே பாலக்காட்டு எல்லை ஊர்களிலிருந்து வந்தவை. நானும் சித்தூர் வட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால், இந்தக் கேள்விகளில் பல ஒரு காலத்தில் என்னுடையவையாகவும் இருந்தன.

கேள்வி: கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து மெட்டாலிக்கா, அயர்ன் மெய்டன் ஆகிய இரண்டு குழுக்களை மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். பிற குழுக்களையும் கேட்க ஆசைதான். ஆனால் பட்டியல்களைப் பார்த்தால் த்ராஷ், டூம், டெத், பிளாக், பவர் என்று பிரிவுகளும் நூற்றுக்கணக்கான பெயர்களும் மலைக்க வைக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: முதலில் அந்தப் பட்டியல்களை ஒதுக்கி வையுங்கள். பிரிவுகளின் பெயர்கள் ஏற்கெனவே கேட்டவற்றை அடுக்கிவைக்க உதவுமே தவிர, கேட்காதவற்றைத் தேடிச் செல்ல அவ்வளவாக உதவுவதில்லை. உங்களுக்குப் பிடித்த குழு யாரைக் கேட்டு வளர்ந்தது, யாருடைய பாடலைத் தானும் வாசித்துப் பதிவு செய்தது, அதில் வாசித்தவர் பின்னர் யாருடன் சேர்ந்தார் என்று விசாரித்துக்கொண்டே போவதுதான் நம்பத் தகுந்த வழி. ஒரு வித்வானின் பாட்டு மனத்தில் ஒட்டிக்கொண்டால் அவருடைய குரு யார், அவருடன் பயின்றவர்கள் யார் என்று நம் வீடுகளில் கேட்பார்களே, அதே வழக்கம்தான் இதுவும்.

மெட்டாலிக்காவையே எடுத்துக்கொள்வோம். 1981இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய அந்தக் குழு, தான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை ஒருபோதும் மறைத்ததில்லை. 1998இல் வெளிவந்த ‘கராஜ் இன்க்.’ என்னும் இரட்டை ஆல்பம் முழுவதும் பிறருடைய பாடல்களே. அதில் உள்ள ‘ஆம் ஐ ஈவில்’ இங்கிலாந்தின் டயமண்ட் ஹெட் குழுவினுடையது. ‘பிரெட்ஃபேன்’ வேல்ஸைச் சேர்ந்த பட்ஜி குழுவினுடையது. டென்மார்க்கின் மெர்சிஃபுல் ஃபேட் குழுவின் ஐந்து பாடல்களைக் கோத்துப் பதினொரு நிமிடங்களுக்கு வாசித்த தொகுப்பும் அதிலேயே இருக்கிறது. டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிச், 1981இல் தம் பதினேழாவது வயதில், டயமண்ட் ஹெட்டை நேரில் கேட்பதற்காகவே இங்கிலாந்துக்குப் போனவர். ஆகவே அந்த ஒரு ஆல்பத்திலிருந்து மூன்று நாடுகளுக்கு உங்களுக்கு வழி கிடைக்கிறது. மூன்றில் நான் முதலில் கேட்கச் சொல்வது மெர்சிஃபுல் ஃபேட் குழுவின் 1983ஆம் ஆண்டு ஆல்பமான ‘மெலிசா’. பாடகர் கிங் டயமண்டின் மிக உயர்ந்த குரல் தொடக்கத்தில் உறுத்தினாலும், பாடலுக்குள் ஐந்தாறு முறை நடையை மாற்றி இரண்டு கிதார்களும் பேசிக்கொள்ளும் விதம் உங்களை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

அயர்ன் மெய்டனிலிருந்து போகும் வழி வேறு. இரண்டு கிதார்கள் ஒரே மெட்டைச் சில ஸ்வரங்கள் இடைவெளி விட்டு இணைந்து வாசிக்கும் முறையை அவர்களுக்கு முன்பே விஷ்போன் ஆஷ், அயர்லாந்தின் தின் லிஸி ஆகிய ராக் குழுக்கள் செழுமைப்படுத்தியிருந்தன. தவிர, அயர்ன் மெய்டன் 1983இல் ஜெத்ரோ டல் குழுவின் பாடல் ஒன்றைப் பதிவு செய்தது. அந்த நூலைப் பிடித்தால் புல்லாங்குழலும் நாட்டுப்புற மெட்டுகளும் கலந்த பழைய ப்ராக்ரஸிவ் ராக்கிற்குள் நுழைந்துவிடுவீர்கள். உங்கள் இரண்டு குழுக்களும் சந்திக்கும் இடமும் ஒன்று உண்டு. டிரீம் தியேட்டர் என்னும் அமெரிக்கக் குழு, 2002இல் தன் மேடைகளில் மெட்டாலிக்காவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பத்தையும் அயர்ன் மெய்டனின் ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ ஆல்பத்தையும் முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல்வரை முழுமையாக வாசித்தது. அவர்களைக் கேட்க இதைவிடப் பொருத்தமான காரணம் உங்களுக்கு வேண்டியதில்லை.

இசைக்கலைஞர்களைப் பின்தொடர்வதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஃபுளோரிடாவின் டெத் குழு 1991இல் ‘ஹியூமன்’ ஆல்பத்தை வெளியிட்டது. அதில் கிதார் வாசித்த பால் மஸ்விடலும் டிரம்ஸ் வாசித்த ஷான் ரைனர்ட்டும் சினிக் என்னும் மற்றொரு குழுவைச் சேர்ந்தவர்கள். அந்தக் குழுவின் ‘ஃபோகஸ்’ 1993இல் வந்தது. அதில் ஜாஸ் இசையின் மென்மையும் டெத் மெட்டலின் வேகமும் ஒரே பாடலுக்குள் அருகருகே அமர்ந்திருக்கின்றன. ஒரு ஆல்பத்தின் உறையில் அச்சிட்டிருந்த இரண்டு பெயர்கள்தான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டன.

தற்செயலுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். தொண்ணூறுகளில் நான் பிரீ டிகிரி படித்தபோது, கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிப் போய், ஆல்பங்களைக் கேசட்டில் பதிந்து தரும் கடை ஒன்றில் காத்திருப்பேன். ஒரு முறை ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பத்தைத் தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பதிந்து தரச் சொன்னேன். அது ஐம்பத்தைந்து நிமிடங்களில் முடிந்துவிட, நாடா வீணாகக் கூடாது என்று கடைக்காரர் மீதி இடத்தில் பிரேசிலின் செபுல்தூரா குழுவின் ‘பினீத் தி ரிமெய்ன்ஸ்’ ஆல்பத்தைப் பதிந்து கொடுத்தார். இடம் போதாமல் ஒரு பாடல் நடுவிலேயே அறுந்து நின்றது. அந்த அறுந்த பாடலின் மிச்சத்தைக் கேட்க வேண்டும் என்ற தவிப்பில் அடுத்த வாரமே மறுபடியும் பஸ் ஏறினேன். நான் கேட்காமல் கிடைத்த அந்த முப்பத்தைந்து நிமிடங்கள் இல்லையென்றால் தென்னமெரிக்க மெட்டல் பக்கம் பல ஆண்டுகள் திரும்பியே இருக்கமாட்டேன்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். எந்தப் புதிய குழுவையும் ஒற்றைப் பாடலைக் கேட்டுவிட்டு ஒதுக்காதீர்கள்; ஒரு ஆல்பத்தை முழுமையாக, வெவ்வேறு நாட்களில் மூன்று முறையாவது கேளுங்கள். பொறுமை இல்லை என்று நம் பக்கத்துக்காரர்கள் சொல்லவே முடியாது. கோயில் விழாக்களில் செண்டைக் குழுவினர் வாசிக்கும் பஞ்சாரி மேளத்தில் முதல் காலத்தின் தாளவட்டம் 96 அட்சரங்கள். அது 48, 24, 12 என்று பாதி பாதியாகக் குறைந்து 6 அட்சரங்களில் வந்து முடியும்வரை வெயிலில் நின்று கைவீசித் தாளம் போடும் கூட்டம் நம்முடையது. ஒரு மணி நேர ஆல்பம் நமக்குப் பெரிதல்ல.

கேள்வி: டெத் மெட்டல் கிதார்களும் டிரம்ஸும் எனக்குப் பிடித்திருக்கின்றன, ஆனால் அந்த உறுமல் குரலைச் சகித்துக்கொள்ள முடியவில்லை. அது பாட்டுதானா? பழகிக்கொள்ள வேண்டுமா?
— ஒரு வாசகர், வேலந்தாவளம்

பதில்: அது பாட்டுதான். குரல்நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் போலிக் குரல்நாண்கள் என்னும் மடிப்புகளையும் அதிரவைத்து அந்த ஒலியை எழுப்புகிறார்கள். தொண்டையை வருத்தாமல் மூச்சின் அழுத்தத்தால் அதைச் செய்யப் பயிற்சி வேண்டும். அந்தக் குரலில் மெட்டைத் தேடுவதால்தான் ஏமாற்றம் ஏற்படுகிறது. மெட்டைக் கிதார் பார்த்துக்கொள்ளும். குரல் அங்கே ஒரு தாளக்கருவியாக நிற்கிறது. சொற்கள் எந்த அடியில் விழுகின்றன, டிரம்ஸுடன் எங்கே சேர்கின்றன, எங்கே விலகுகின்றன என்று மட்டும் கவனித்துப் பாருங்கள்.

படிப்படியாகப் பழக ஸ்வீடனின் ஓபெத் குழு நல்ல துணை. 2003இல் வெளிவந்த ‘டாம்னேஷன்’ ஆல்பத்தில் உறுமல் ஒரு இடத்திலும் இல்லை. முழுக்க அமைதியான பாடல்கள். அதே மிக்கேல் ஓகர்ஃபெல்ட் 2001இல் பாடிய ‘பிளாக்வாட்டர் பார்க்’ ஆல்பத்தில் இரண்டு குரல்களும் உண்டு. முதலில் மென்மையான ஆல்பத்தைக் கேட்டு அவர் குரலோடு உறவாகிவிட்டு, பிறகு மற்றதற்கு வாருங்கள். உறுமுபவர் அன்னியராகத் தோன்றமாட்டார். பின்லாந்தின் தேசிய காவியமான கலேவலாவை வைத்து அமோர்ஃபிஸ் குழு 1994இல் உருவாக்கிய ‘டேல்ஸ் ஃப்ரம் தி தௌசண்ட் லேக்ஸ்’ ஆல்பமும் இதற்கு ஏற்றது. இத்தனைக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஜூடாஸ் பிரீஸ்ட், டியோ என்று தெளிந்த குரலில் பாடிய குழுக்கள் ஓர் ஆயுளுக்குப் போதுமானவை இருக்கின்றன.

கேள்வி: கைபேசிச் செயலி எப்போதும் ஒரே மாதிரியான குழுக்களையே பரிந்துரைக்கிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், நெம்மாறை

பதில்: நீங்கள் கேட்டதைப் போன்றதையே தேடித் தருவதற்குத்தான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. தானாக அடுத்த பாடலுக்குத் தாவும் வசதியை நிறுத்திவிட்டு, ஆல்பத்தின் பெயரை நீங்களே தட்டச்சு செய்து தேடிக் கேளுங்கள். கேட்டவற்றை ஒரு சிறு நோட்டில் எழுதிவையுங்கள், பிடிக்காதவற்றையும் எழுதுங்கள். என் நோட்டில் அடித்துவைத்திருந்த பெயர்களில் நாலைந்து இப்போது எனக்கு மிகவும் வேண்டியவை.

கேள்வி: எங்கள் அப்பா கர்நாடக இசை ரசிகர், எம். டி. ராமநாதனுக்கு இணையாக யாரையும் ஒப்புக்கொள்ளமாட்டார். நான் கேட்பதை வெறும் சத்தம் என்கிறார். அவர் உட்கார்ந்து கேட்கும்படியான மெட்டல் ஏதேனும் உண்டா?
— ஒரு வாசகி, கொல்லங்கோடு

பதில்: உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. மஞ்சப்ராவில் பிறந்த எம். டி. ராமநாதனை நேசிப்பவர், தாழ்ந்த சுருதியும் விளம்பகாலமும் எவ்வளவு வலிமையானவை என்பதை நாம் சொல்லாமலே அறிந்தவர். ஆகவே அவருக்கு வேகமான பாடல்களைப் போட வேண்டாம். மெதுவாகவும் ஆழமாகவும் நகரும் டூம் மெட்டலிலிருந்து தொடங்குங்கள்.

அந்த வழியின் மூலம் பர்மிங்ஹாமின் பிளாக் சபாத் குழு. அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி இடக்கையர். பதினேழு வயதில் தகடு வேலை செய்யும் ஆலையில் நேர்ந்த விபத்தில் வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகிய இரண்டின் நுனிகளையும் இழந்தவர். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தாமே விரல் கவசங்கள் செய்துகொண்டார். மெல்லிய தந்திகளை மாட்டினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் பல பாடல்களில் தந்திகளின் சுருதியையே ஒன்றரை ஸ்வரம் இறக்கிவிட்டார். வலியைக் குறைக்கச் செய்துகொண்ட ஏற்பாட்டிலிருந்து அந்தக் கனமான நாதம் கிடைத்தது. இந்தக் கதையை அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள். ஒரு கலைஞரின் சாதகத்தை மதிப்பவர்களுக்கு இது புரியாமல் போகாது.

பிறகு 1970இல் வெளிவந்த முதல் ஆல்பத்தின் முதல் பாடலைப் போடுங்கள். அதன் கிதார் வரி மூன்றே ஸ்வரங்கள்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிரதி மத்யமம். அந்த மூன்றுக்குள் எவ்வளவு அச்சத்தை எழுப்பமுடிகிறது என்பதை அவரே கணக்கிட்டுக்கொள்வார். மெட்டல் கிதாரின் அடிப்படையான பவர் கார்ட் என்பதும் ஷட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்தது மட்டுமே. கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனில் காந்தாரத்தைச் சேர்த்தால் நாதம் கலங்கிவிடும் என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள். தம்புராவின் முழக்கத்தில் ஊறிய காதுக்கு இது அன்னியமல்ல. அதன்பின் ஸ்வீடனின் கேண்டில்மாஸ் குழு 1986இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தைக் கேட்கச் செய்யுங்கள். அதில் பாடுபவரின் குரல் கம்பீரமாகவும் தெளிவாகவும் இருக்கும்.

அவருக்கு லயத்தில் ஈடுபாடு உண்டென்றால் ஸ்வீடனின் மெஷுக்கா குழுவின் ‘ஆப்ஸென்’ ஆல்பத்தையும் ஒரு நாள் முயலலாம். கையால் ஆதி தாளம் போட்டுக்கொண்டே கேட்கச் சொல்லுங்கள். சிம்பல் நான்கு அடிக் கணக்கில் மாறாமல் போக, கிதார் ஒற்றைப்படைக் கணக்குகளில் அதன்மேல் நழுவிக்கொண்டே போகும். நம் கோர்வை, தாளவட்டத்தின் தொடக்க அடியான சமத்தில் வந்து சேரும்படி கணக்கிடப்பட்டது. அவர்களோ பெரும்பாலும் வட்டம் முடியும் இடத்தில் வரியை வெட்டிவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள். இது சரிதானா என்று அப்பா வாதாடத் தொடங்கினால் அவர் கேட்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். ஒரு எச்சரிக்கை: மெட்டல் மெட்டுகளில் தோடியின் ஸ்வரங்களும் வகுளாபரணத்தின் ஸ்வரங்களும் அடிக்கடி வரும் என்றாலும், கமகம் இல்லாததால் அவர் அவற்றைத் தோடி என்று ஏற்கமாட்டார். அவர் சொல்வது சரியும்கூட. அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

கேள்வி: கேரளத்திலோ தமிழர்களிடமோ சொல்லிக்கொள்ளும்படியான மெட்டல் குழுக்கள் உள்ளனவா?
— ஒரு வாசகர், சித்தூர்

பதில்: இருக்கின்றன. கொச்சியின் மதர்ஜேன் குழுவின் ‘மக்தூப்’ 2008இல் வந்தது. கமகங்களைக் கிதார் தந்தியிலேயே இழைத்து வாசிக்கும் பைஜு தர்மஜனை அதில் கேட்கலாம். மேலே எழுதிய வாசகியின் அப்பாவுக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன். திருவனந்தபுரத்தின் கேயாஸ் குழு 2013இல் வெளியிட்ட ‘வயலன்ட் ரிடெம்ப்ஷன்’ த்ராஷ் என்னும் அதிவேக மெட்டலில் நேர்த்தியான ஆல்பம். கண்ணூரில் தோன்றிய தி டவுன் ட்ராடன்ஸ் குழு வடமலபாரின் நாட்டார் மரபைக் கனமான கிதாருடன் இணைத்து 2014இல் தன் முதல் ஆல்பத்தைத் தந்தது.

நம்மவர்களுடன் தொடர்புடைய குழுக்களில் நான் முதலில் சொல்வது சிங்கப்பூரின் ருத்ரா. 1992இல் தொடங்கிய இக்குழு வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருத சுலோகங்களையும் டெத் மெட்டலில் அமைத்துப் பாடுகிறது. கதிரசன் பாடி பேஸ் கிதாரும் வாசிக்கிறார். ‘பிரம்மவித்யா’ என்னும் தலைப்பில் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று ஆல்பங்கள் தொடராக வந்தன. முதலாவதிலிருந்து வரிசையாகவே கேளுங்கள்.